ஒரே வாரத்தில் எரிந்த ஐந்து மோட்டார்கள்

1. மூன்றாவது தடவை

கன்னியம்மா என் கடைக்கு மூன்றாவது தடவை வந்தபோது மோட்டாரை வண்டியிலிருந்து இறக்கவே இல்லை. மாட்டை அவிழ்க்காமல் அப்படியே நிறுத்திவிட்டு, நேராக என் மேஜைக்கு வந்து நின்றார்.

"இன்னா நைனா, நீ சரியாத்தான் கட்றியா?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. பதில் தெரிந்தாக வேண்டும் என்று கேட்டார். அதனால்தான் எனக்கு அதிகமாக உறைத்தது.

எண்பதுகளின் பிற்பகுதி. பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் நான் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தேன். எரிந்துபோன மோட்டாருக்குள் இருக்கும் பழைய செம்புக் கம்பியை வெட்டி எடுத்துவிட்டு, அதே கேஜ் கம்பியை அதே எண்ணிக்கையில் சுற்றி, ஸ்லாட்டுகளில் இறக்கி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பதுதான் என் வேலை. என் அப்பா மேனாம்பேட்டில் பிறர் நிலத்தில் கூலிக்கு உழுதவர். அந்த நிலமெல்லாம் கம்பெனிகளாக மாறிய பிறகு, அவர் மகனான நான் ஐ.டி.ஐ. முடித்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மோட்டார் கம்பெனியின் வைண்டிங் செக்‌ஷனில் எட்டு வருடம் இருந்தேன். கம்பெனி மூடிய பிறகு இந்தக் கடை. என் கையில் கட்டிய காயில் ஒரு வருடத்துக்குள் திரும்பி வந்ததில்லை என்று நானே சொல்லிக்கொள்வேன்.

கன்னியம்மாவின் மோட்டார் ஒரே நவரைப் போகத்தில் மூன்று தடவை எரிந்துவிட்டது.

அவருக்குக் குத்தம்பாக்கத்தைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் இரண்டு ஏக்கர். கணவர் இறந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. தானே வரப்பு அண்டை கழித்து, தானே நாற்று விட்டு, ஆள் வைத்து நடவு முடித்துப் பயிர் செய்கிறவர். அவருடைய மோட்டார் ஒன்று மட்டும் வந்திருந்தால் நானும் ஏதோ நேரக் கோளாறு என்று விட்டிருப்பேன். ஆனால் அன்று கடையில் ஐந்து ஹெச்.பி. மோட்டார்கள் ஏற்கெனவே நான்கு வரிசையில் கிடந்தன. நான்கும் அந்த வாரம் வந்தவை. நான்கும் அதே ஊர்.

எனக்கு அது அதுவரை உறைக்கவே இல்லை என்பதுதான் வெட்கம். வேலை வந்தது, கட்டினேன், கொடுத்தேன். ஏன் வருகிறது என்று கேட்கவில்லை. வருகிறவரை நல்லது என்றுகூட மனசின் ஒரு மூலையில் இருந்திருக்கலாம்.

கன்னியம்மாவை உட்காரச் சொல்லிவிட்டு, ஐந்து மோட்டாரையும் பிரித்து ஸ்டேட்டர்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஸ்டேட்டர் என்பது மோட்டாரின் சுழலாத வெளிப்பகுதி. காயில்கள் அதற்குள்தான் வட்டமாக இருக்கும். எரிந்த காயிலைப் பார்த்தால் எதனால் எரிந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். மூன்று பேஸில் ஒன்றில் மட்டும் கோளாறு இருந்தால், வட்டத்தில் இடம் விட்டு இடம் விட்டுக் கருகியிருக்கும். மற்ற காயில்கள் செம்பு நிறத்திலேயே இருக்கும். மோட்டாருக்கு வோல்டேஜ் போதாமல், கரன்டை அதிகமாக இழுத்து இழுத்துச் சூடானால், வட்டம் முழுக்க ஒரே சீராகக் கருகும்.

நான்கு ஸ்டேட்டர்கள் வட்டம் முழுக்கக் கருகியிருந்தன. ஒன்று மட்டும் வேறு மாதிரி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

"எக்கா, கட்டினதுல தப்பு இல்ல. உங்க ஊருக்கு வர்ற கரன்ட்டுல தப்பு," என்றேன்.

"அப்ப நீ எத்தினி தபா கட்னாலும் எரியும்."

"எரியும்."

"பின்ன எதுக்கு நைனா கட்டிக்கினே கீற?"



2. கிணற்று மேட்டில் ஒரு பகல்

மறுநாள் கடையைத் திறக்காமல், விடியும் முன்பே வோல்ட் மீட்டரையும் டாங் டெஸ்டரையும் எடுத்துக்கொண்டு சைக்கிளில் அந்த ஊருக்குப் போனேன். டாங் டெஸ்டர் என்பது ஒயரைக் கவ்விப் பிடித்து எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று காட்டும் கருவி.

கன்னியம்மாவின் பயிர் பொதி கட்டியிருந்தது. இன்னும் சில நாளில் கதிர் வெளியே வரும். அந்த நேரத்தில் நிலம் காய்ந்தால் கதிர் பதராகத்தான் வரும். வயலின் மேல்பக்கத்தில் மண் வெடிக்க ஆரம்பித்திருந்தது. ஏரியில் அந்த வருடம் தண்ணீர் மதகு மட்டத்துக்குக் கீழே போய்விட்டதால் கிணறுதான் கதி. கிணற்றில் தண்ணீர் இருந்தது. மேலே கொண்டுவர மோட்டார்தான் இல்லை.

பக்கத்து மோட்டார் கொட்டகையில் எரியாமல் மிச்சமிருந்த ஒரு மோட்டாரை வைத்துச் சோதித்தேன். விடிந்த நேரத்தில் முள் முந்நூற்று எண்பதில் நின்றது. நானூறு இருக்க வேண்டும், பரவாயில்லை. ஒன்பது மணிக்கு முந்நூற்றைத் தொட்டது. பத்து மணி வாக்கில் திடீரென்று இன்னும் இறங்கி, ஸ்டார்ட்டர் தானாகக் கழன்றது. வோல்டேஜ் ரொம்பக் குறைந்தால் மோட்டாரைக் காப்பாற்ற ஸ்டார்ட்டர் அப்படிக் கழலும்.

மோட்டாரின் சொந்தக்காரர் ஓடிவந்து, ஒரு வேப்பங்குச்சியை ஸ்டார்ட்டரில் செருகி அது கழலாதபடி செய்தார். செய்துவிட்டு என்னைப் பார்த்துக் கையை விரித்தார். தப்பு என்று அவருக்கும் தெரியும். ஆனால் அவர் வரப்பைத் தாண்டித் தண்ணீர் அப்போதுதான் பாதி வயலுக்கு வந்திருந்தது.

பத்து மணிக்கு என்ன நடக்கிறது என்று விசாரித்தேன். பம்ப் செட்டுகளுக்கென்று போட்ட சின்ன டிரான்ஸ்ஃபார்மரிலேயே, ஊர் முகப்பில் புதிதாக வந்திருந்த ஐஸ் ஃபேக்டரிக்கும் கனெக்‌ஷன் கொடுத்திருந்தார்கள். காலையில் ஒரு கம்ப்ரஸர், பத்து மணிக்கு இரண்டாவது. இரண்டாவது ஓடத் தொடங்கும் நேரமும் ஸ்டார்ட்டர் கழலும் நேரமும் ஒன்று. கன்னியம்மாவின் கிணறு அந்த லைனின் கடைக்கோடியில் இருந்தது. எல்லோரும் இழுத்தது போக மிச்சம்தான் அவருக்கு.

அந்த ஐஸ் ஃபேக்டரியின் இரண்டு மோட்டார்களுக்கும் காயில் கட்டுவதும் நான்தான். என் கடையின் பெரிய வாடிக்கையாளர் அந்த முதலாளி.

திரும்பி வரும் வழியில் அவரைப் பார்த்தேன். மறைக்கவில்லை, அளந்ததைச் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. கனெக்‌ஷன் கேட்டேன், கொடுத்தார்கள், இதில் என் குற்றம் எங்கே என்றார். அது நியாயம்தான். புறப்படும்போது என் தோளில் கை வைத்தார்.

"ஏகாம்பரம், மோட்டாரு எரிஞ்சாத்தான் உனக்குச் சோறு. எரியாம இருக்க நீயே மீட்டர் தூக்கிக்கினு அலையுற. யோசிச்சுப் பண்ணு."

யோசித்தேன். அந்த ஊரில் மட்டும் இருபத்துச் சொச்சம் பம்ப் செட்டுகள். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். வீட்டில் என் மனைவியிடம் சொன்னபோது, அவள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து ஒன்றே ஒன்று கேட்டாள்: அந்த அம்மா அடுத்த தடவை வந்து நின்றால் என்ன சொல்வாய் என்று.

3. செக்‌ஷன் ஆபீஸில் ஐந்து ஸ்டேட்டர்கள்

அந்த ஊரில் பலராமன் என்பவர்தான் எதற்கும் முன்னால் நிற்கிறவர். ஐம்பது வயது, கட்டையான குரல். அவர் ஏற்கெனவே மின்சார ஆபீஸுக்கு இரண்டு மனு கொடுத்திருந்தார். பதில் வரவில்லை. நான் சொன்னதைக் கேட்டதும், எல்லோரும் சேர்ந்தே போகலாம் என்றார்.

ஒரு சிக்கல் இருந்தது. பழைய காயிலை வெட்டி எடுத்துவிட்டால் சாட்சி போய்விடும். எடுக்காமல் வைத்திருந்தால் ஐந்து வயலுக்குத் தண்ணீர் தள்ளிப்போகும். ஐந்து பேரையும் கூப்பிட்டுக் கேட்டேன். நான்கு பேர் கன்னியம்மாவைப் பார்த்தார்கள். அவர் பயிர்தான் மோசமான நிலையில் இருந்தது.

"ரெண்டு நாளு பொறுத்துக்கறேன். சும்மா கட்டி சும்மா எரியறதுக்கு இதே மேலு," என்றார்.

அந்த இரண்டு நாளும் அவரும் அவர் தங்கையும் கிணற்றிலிருந்து குடத்தில் மொண்டு, வெடித்த பக்கத்துக்கு மட்டும் ஊற்றினார்கள் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். இரண்டு ஏக்கருக்குக் குடத்துத் தண்ணீர் எந்த மூலைக்கு? ஆனாலும் சும்மா உட்கார அவருக்கு முடியவில்லை.

ஐந்து ஸ்டேட்டர்களையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு மின்சார வாரியத்தின் செக்‌ஷன் ஆபீஸுக்குப் போனோம். பதினாறு விவசாயிகள் வந்திருந்தார்கள். அங்கே ஜே.இ., அதாவது ஜூனியர் இன்ஜினியர், ஒருவர் இருந்தார், இளைஞர், வேலைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருக்கும். முதலில் எங்களை வராந்தாவிலேயே நிறுத்திப் பேசினார்.

குச்சி செருகி ஓட்டுகிறீர்கள், மூன்று பேஸ் இல்லாத நேரத்தில் கண்டன்சர் போட்டு இரண்டு பேஸிலேயே ஓட்டுகிறீர்கள், எரியாமல் என்ன செய்யும் என்றார். பேச்சோடு பேச்சாக, "சும்மா குடுக்கிற கரன்ட்டுதானே" என்றும் சொல்லிவிட்டார்.

கூட்டம் சலசலத்தது. பின்னால் நின்ற கன்னியம்மா முன்னால் வந்தார்.

"சும்மா போடற சோத்துல கல்லு இருந்தா பல்லு உடையாதா சார்?"

 ஜே.இ. ஸ்டேட்டர்களை உள்ளே எடுத்து வரச் சொன்னார்.

மேஜையில் பழைய பேப்பர் விரித்து ஐந்தையும் வைத்தேன். வட்டம் முழுக்க ஏன் கருகியிருக்கிறது என்று விளக்கினேன். கண்டன்சரால் எரிந்திருந்தால் இப்படிச் சீராக எரியாது என்றேன். அவருக்கு அது புரிந்தது, படித்தவர்தானே. ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஐந்தாவதில் நின்றார்.

"இது?"

அந்த ஸ்டேட்டரில் இடம் விட்டு இடம் விட்டுத்தான் கருகியிருந்தது. அது பலராமனுடையது. கொண்டுவர வேண்டாம் என்று ஒதுக்கி வைக்க நினைத்தேன்தான். ஆனால் அந்த வாரம் எரிந்தவை ஐந்து. நான்கை மட்டும் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பலராமனிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அதைச் செய்யாதது என் தவறு.

"இது கண்டன்சர்ல எரிஞ்சதுதான் சார்," என்றேன்.

 பலராமன் என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. ஜே.இ. பேசத் தொடங்கும் முன்பே நான் இன்னொன்றையும் சொல்லிவிட்டேன். லோடு கூடினால் மோட்டாரை நிறுத்துவதற்கு ஸ்டார்ட்டரில் ஒரு ரிலே இருக்கிறது. அதன் ஸ்க்ரூவைக் கடைசி வரைக்கும் திருப்பிவிட்டு, அது வேலை செய்யாதபடி ஆக்கிக் கொடுத்தது நான். இவர்கள் கேட்டார்கள், நான் செய்தேன். ஒரு ஸ்டார்ட்டர் இரண்டு ஸ்டார்ட்டர் இல்லை. இப்படி எல்லோர் பக்கத்திலும் தப்பு இருக்கிறது. ஆனால் நீங்களே வந்து பத்து மணிக்கு அளந்து பாருங்கள், எல்லாத் தப்பும் எங்கிருந்து தொடங்குகிறது என்று தெரியும் என்றேன்.

பலராமன் மேஜைக்கு அருகில் வந்தார்.

"ஆமா சார், நான் போட்டேன் கண்டன்சரு. பகல்ல நீங்க குடுக்கற கரன்ட்டு நிக்க மாட்டுது. ரெண்டு பேஸு வர்ற நேரத்துலயாவது நாலு பாத்தி பாயட்டும்னு போட்டேன். பயிரு காயறத பாத்துகினு எப்பிடி சார் உக்கார சொல்ற?"

ஜே.இ. ஐந்தாவது ஸ்டேட்டரை மறுபடியும் புரட்டிப் பார்த்தார். பிறகு, நாளைக் காலை வருகிறேன் என்றார்.

அந்த ஒரு ஸ்டேட்டர் இல்லாமல் போயிருந்தால் அவர் எங்களை நம்பியிருப்பாரா என்பது சந்தேகம்தான். பல வருடம் கழித்து அவரே என்னிடம் அதைச் சொன்னார். எதிரில் நிற்பவன் தனக்குப் பாதகமானதையும் சேர்த்து மேஜையில் வைத்தபோதுதான் மிச்சத்தையும் பார்க்கத் தோன்றியது என்றார்.

4. நடந்த நடை

ஜே.இ. சொன்னபடி வந்தார். தன் மீட்டரையே கொண்டுவந்தார். பத்து மணிக்கு முள் இறங்கியதைத் தன் கண்ணால் பார்த்தார். நேராக ஐஸ் ஃபேக்டரிக்குப் போய், அறுவடை முடியும் வரை இரண்டாவது கம்ப்ரஸரை மாலையில்தான் ஓட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். முதலாளி முணுமுணுத்தார், ஆனால் கேட்டார்.

அன்றே ஐந்து மோட்டாருக்கும் காயில் கட்டத் தொடங்கினேன். மூன்றாம் நாள் கன்னியம்மாவின் கிணற்றிலிருந்து தண்ணீர் வாய்க்காலில் விழுந்தது. வயலின் கீழ்ப்பக்கம் தேறியது. மேல்பக்கம் வெள்ளையாகப் பதர் விட்டது. சரியாகப் பாதிப் பயிர் போயிற்று. அவர் அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. பதர் விட்ட பக்கத்தை அறுத்து மாட்டுக்குப் போட்டுவிட்டு, அடுத்த போகத்துக்கு விதை ஊறப்போட்டார்.

ஆனால் கம்ப்ரஸர் நேரத்தை மாற்றியது தற்காலிக ஏற்பாடுதான். தனி டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதற்கு எஸ்டிமேட், மேலிடத்து அனுமதி, மெட்டீரியல் என்று ஒவ்வொரு படியாக நின்றது. ஜே.இ. எழுதினார், மேலே தூங்கியது. விவசாயிகள் முறை வைத்துக்கொண்டு போனார்கள். ஒரு வாரம் இரண்டு பேர், அடுத்த வாரம் வேறு இரண்டு பேர். நடவு, களை எடுப்பு எது இருந்தாலும் அந்த முறை தவறவில்லை. பலராமன் எல்லாத் தடவையும் போனார். நானும் கூடப் போவேன், என்னோடு மட்டும் பேசுவதில்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்போம், பேச மாட்டார். அந்த அலைச்சல் முடிந்த பிறகும் சேர்த்து இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தது. அதில் எனக்கு வருத்தம் உண்டு, புகார் இல்லை.

ஐஸ் ஃபேக்டரி மோட்டார்கள் அம்பத்தூரில் வேறு கடைக்குப் போய்விட்டன. அந்த முதலாளியைத் தெரிந்த இன்னும் இரண்டு பேர் வேலையை நிறுத்திக்கொண்டார்கள். வீட்டில் இறுக்கிப் பிடித்துத்தான் ஓட்டினோம்.

டிரான்ஸ்ஃபார்மர் அடுத்த வருட நவரைக்கு முன்னால் வந்தது. கம்பத்தில் அதை ஏற்றும்போது ஊரே நின்று பார்த்தது. கயிறு இழுக்க ஆள் போதவில்லை என்று விவசாயிகளே இழுத்தார்கள்.

அந்தப் போகத்தில் அந்த ஊரிலிருந்து என் கடைக்கு ஒரே ஒரு மோட்டார்தான் வந்தது. அதுவும் பேரிங் போனதால். ஐஸ் முதலாளி சொன்னது பொய்யில்லை.

5. சிவப்புக் கோடு

பிழைக்க வேறு வழி பார்த்தேன். எரிந்த பிறகு கட்டிக் கொடுப்பதற்குப் பதில், எரிவதற்கு முன்னால் போய்ப் பார்ப்பது என்று ஆரம்பித்தேன். காட்டுப்பாக்கம் தொடங்கி இந்தப் பக்கம் திருமழிசை வரை கிணறு கிணறாகப் போனேன். மோட்டார், ஃபுட் வால்வு, எர்த், ஸ்டார்ட்டர் எல்லாம் சோதிப்பேன். கடைசிக்குத் திருப்பிய ரிலே ஸ்க்ரூக்களையெல்லாம் பழைய இடத்துக்குத் திருப்பினேன். அதில் பாதி நானே திருப்பியவை.

ஒவ்வொரு கொட்டகையிலும் ஒரு சின்ன வோல்ட் மீட்டரை மாட்டி, முந்நூற்று ஐம்பதில் சிவப்பு பெயின்ட்டால் ஒரு கோடு போட்டேன். எண் படிக்கத் தெரியாதவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு எண் தேவையில்லை. முள் கோட்டுக்குக் கீழே இருந்தால் சுவிட்சில் கை வைக்கக் கூடாது, அவ்வளவுதான். இந்த வேலை பழைய வருமானத்தைத் தொட நாலு வருடம் ஆயிற்று. தொட்டது.

இந்தத் தொழிலுக்கு வருகிற இளைஞர்களுக்கு நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். விவசாயம் உருப்பட வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறார்கள். இலவசம் கொடுத்தோம், மானியம் கொடுத்தோம் என்கிறார்கள். கொடுத்தது கடைக்கோடிக் கிணறு வரை போய்ச் சேர்ந்ததா என்று அளந்து பார்க்கிற ஆள் குறைவு. சேராதபோது, பழி அந்தக் கடைக்கோடியில் நிற்பவர் மேல்தான் விழுகிறது. உங்கள் கையில் மீட்டர் இருக்கிறது. முதலில் அளந்து பாருங்கள். உங்களுக்குப் பிடிக்காத கணக்கு வந்தாலும் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். திருத்த வேண்டியது என்ன என்று அப்போதுதான் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில், அந்தப் புது டிரான்ஸ்ஃபார்மரிலும் ஒரு பிளாஸ்டிக் கம்பெனிக்கு லைன் இழுத்தார்கள். எனக்கு அது தெரியாது. ஒரு வேலையாகச் செக்‌ஷன் ஆபீஸுக்குப் போனபோது, வராந்தாவில் கன்னியம்மாவும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் நின்றிருந்தார்கள். பலராமனும் இருந்தார். புதிதாக வந்திருந்த இன்ஜினியர் ஒருவர், எத்தனை மோட்டார் எரிந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் எரியல சார். மூணு நாளா காத்தால முள்ளு கோட்டுக்குக் கீழ நிக்குது. நாங்க யாரும் மோட்டாரு போடல. எரியறதுக்கு முன்னாடி வந்துகீறோம்," என்றார் கன்னியம்மா.

இன்ஜினியர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எந்த ஊர், எந்த லைன் என்று எழுதிக்கொள்ளத் தொடங்கினார். நான் நடுவில் போகவில்லை. அவர்களுக்காக நான் பேச வேண்டிய தேவை அங்கே இல்லை.